நோயிலும் நன்றி: அருளாளர் பிரடெரிக் ஓசானாமும் ஆமேலியும்



முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது நம் பங்குகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். சீவலப்பேரியில், சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு வீட்டிற்கு நாமும் அவ்வாறு சென்று வருகிறோம். அந்த வீட்டுத் தலைவருக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று நாள், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். காப்பீட்டு அட்டை இருப்பதால் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் அன்றைய கூலி போய்விடும், மனைவிக்கும் போய்விடும். அவர்தான் காலைப் பேருந்தில் கணவரைக் கைத்தாங்கலாக ஏற்றுகிறார். நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்கிறார். பகல் வெயிலில் திரும்பவும் அழைத்து வருகிறார். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த அந்த மனிதர் இப்போது ஒரு நாளைக்கு அளந்து வைத்த தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. அளந்து கொடுப்பதும் அந்த அம்மாதான். கணவர் இன்னும் கொஞ்சம் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணை கொடுத்து முடித்த பிறகு, எந்த நிலையிலும் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பவுலடியாரின் அறிவுரையை அவர்களுக்கு நினைவூட்டினோம். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னோம். நோயாளி தலையை அசைத்தார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. வாசல் வரை நம்முடன் வந்தவர், கணவருக்குக் கேட்காத குரலில் ஒரு கேள்வி கேட்டார். தன் நோவுக்காக அவர் நன்றி சொன்னால் சொல்லட்டும்; அவர் படுகிற பாட்டுக்காகத் தான் எப்படி நன்றி சொல்வது, சொன்னால் அது அவருக்குச் செய்கிற துரோகம் ஆகிவிடாதா என்று கேட்டார். குருமடத்தில் இறையியல் படித்து, இத்தனை ஆண்டுகள் மறையுரை ஆற்றியும், அந்த வாசலில் நமக்குப் பதில் வரவில்லை. செபிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்று மாலை பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையின் வாராந்தரக் கூட்டம். கூட்டம் முடிவில் இரகசியப் பை சுற்றி வந்தது. யார் எவ்வளவு போடுகிறார் என்று யாருக்கும் தெரியாமல் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்க்கிற அந்தப் பழைய வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சுவரில் அருளாளர் பிரடெரிக் ஓசானாமின் படம் மாட்டியிருந்தது. சபையின் நிறுவுநர் என்ற அளவில் அவரை நாம் எல்லாரும் அறிவோம். அவர் எப்படி இறந்தார் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவரையும் கொண்டுபோனது சிறுநீரக நோய்தான். அப்போது அவருக்கு வயது 40. அருகில் இருந்து பணிவிடை செய்த மனைவிக்கு வயது 33.

ஓசானாம் 1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர். தந்தை மருத்துவர், பின்னர் குடும்பத்தோடு பிரான்சின் லியோன் நகருக்குத் திரும்பி, ஏழைகள் பலருக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் பிறந்த 14 பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மூன்று பேர் மட்டுமே. மூத்தவர் அல்போன்ஸ் குருவானார். இளையவர் சார்ல்ஸ் மருத்துவரானார். நடுப்பிள்ளை பிரடெரிக். சாவு அடிக்கடி வந்து போன வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, அவர் இயல்பிலேயே கவலைப்படுகிறவர். எதையும் முடிவு செய்யத் தயங்குவார், தன் தகுதியை எப்போதும் சந்தேகிப்பார். புனிதர்களும் அருளாளர்களும் பிறவியிலேயே கலங்காத நெஞ்சம் படைத்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

1831-இல் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். மின்சார ஆராய்ச்சியில் இன்றும் பெயர் விளங்குகிற விஞ்ஞானி ஆம்பியர் தம் வீட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். அக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் திருச்சபையைக் கேலி செய்வது நாகரிகமாக இருந்தது. மாணவர்களின் விவாதக் கூட்டத்தில் ஓசானாம் திருச்சபையின் பழம்பெருமையை எடுத்துப் பேசியபோது, பழைய கதை இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பினர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைத் தைத்தது. அவரும் ஒரு நண்பரும் குளிர்காலத்திற்காகத் தங்கள் அறையில் வைத்திருந்த விறகில் மீதி இருந்ததைத் தூக்கிக்கொண்டுபோய் ஓர் ஏழையின் வீட்டில் கொடுத்தார்கள் என்பது சபையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய இருபதாவது பிறந்தநாளில், ஆறு மாணவர்களும் அவர்களை வழிநடத்திய மூத்தவர் பெய்யி என்பவரும் கூடிய கூட்டமே வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று அந்த இளைஞர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் பிறரன்பு மகளிர் சபையின் அருட்சகோதரி ரோசலி ரெந்து. அவரும் 2003-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் சபை இருக்கிறது. நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது முதலில் விறகு, பிறகுதான் பேச்சு என்பது அவர்களுடைய முறை. நாம் அன்று சீவலப்பேரிக்கு விறகு இல்லாமல் பேச்சை மட்டும் எடுத்துப் போயிருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

படிப்பு, பட்டங்கள், பதவிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்திலும் இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். பாரிஸின் புகழ்பெற்ற சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியரானார். தாந்தேயைப் பற்றியும், புனித பிரான்சிஸ் காலத்து இத்தாலியக் கவிஞர்களைப் பற்றியும் எழுதினார். 1848 புரட்சியின்போது ஏழைத் தொழிலாளர்கள் பக்கம் நின்று எழுதியதற்காகத் தம் நண்பர்கள் சிலரிடமே ஏச்சு வாங்கினார்.

நமக்கு வேண்டியது அவருடைய இல்லறம். குருவாகலாமா, இல்லறம் ஏற்கலாமா என்று பல ஆண்டுகள் தயங்கிய மனிதர் அவர். ஒரு நாள் லியோன் கல்வித்துறைத் தலைவரின் வீட்டுக்குச் சென்றபோது, அங்கே ஓர் இளம்பெண் நோயாளியான தன் தம்பியின் அருகில் உட்கார்ந்து அவனைக் கவனித்துக் கொண்டிருந்ததைப் பார்த்தார். அந்தக் காட்சிதான் அவர் மனத்தை மாற்றியது என்பார்கள். அந்தப் பெண்தான் ஆமேலி சுலாக்ருவா. 1841 ஜூன் 23 அன்று லியோனில் புனித நிசியே ஆலயத்தில் திருமணம் நடந்தது. அண்ணன் அல்போன்ஸ் சாமியார்தான் மந்திரித்தார். ஓசானாம் துறவறம் வருவார் என்று எதிர்பார்த்திருந்த தொமினிக்கன் துறவி லாகோர்தேர், அவர் கண்ணியில் விழுந்துவிட்டார் என்று வருத்தப்பட்டாராம். அதைக் கேள்விப்பட்ட திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர், திருச்சபையில் ஆறு அருட்சாதனங்களும் ஒரு கண்ணியும் இருப்பது இதுவரை தமக்குத் தெரியாதே என்று சொல்லிச் சிரித்தாராம். திருமண ஆயத்த வகுப்புகளில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் மலர்ந்துவிடுகிறது.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கைகளைக் கண்டு அந்தப் பெண்ணை விரும்பியவர், பின்னால் அதே கைகளில் தாமே நோயாளியாகக் கிடக்கப்போகிறார் என்பதை அன்று அறியவில்லை. திருமணத்திற்குப் பின் இரண்டு முறை கரு கலைந்தது. 1845 ஜூலையில் மகள் மரி பிறந்தாள். திருமணம் 23-ஆம் தேதி நடந்ததால், ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியில் ஆமேலிக்குப் பூக்கள் கொடுப்பதை ஓசானாம் வழக்கமாக வைத்திருந்தார். பாடம், தேர்வுத்தாள், சபை வேலை, ஏழைகளின் மாடிப்படிகள் என்று எவ்வளவு அலைச்சல் இருந்தாலும் அது தவறவில்லை. நம் ஊர் ஆண்களுக்கு இது சற்று அதிகமாகத் தோன்றலாம். ஆனால் மல்லிகை ஒரு முழம் வாங்க அதிகம் செலவாகாது.

1846-இல் கடும் காய்ச்சல் வந்து தப்பினார். 1852 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் நுரையீரல் உறையில் அழற்சி கண்டு படுத்தார். பேராசிரியர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வராமல் இருக்கிறார்கள் என்று மாணவர்கள் கூச்சலிடுவதாகச் செய்தி வந்தது. மனைவியும் மருத்துவரும் தடுத்தும் கேளாமல் எழுந்து போனார். வெளிறிய முகத்தோடு மேடையேறிய அவரைக் கண்டதும் கூச்சல் அடங்கியது. எங்கள் தொழிலில்தான் நாங்கள் எங்கள் உடலைச் செலவழிக்கிறோம், நான் இறந்தால் அது உங்களுக்காகச் செய்த வேலையில் இறந்ததாக இருக்கும் என்ற பொருளில் பேசிவிட்டுப் பாடம் நடத்தினார். அதற்குப் பிறகு அந்த மேடையில் அவர் ஏறவில்லை. ஆமேலி அன்று வீட்டில் எப்படிக் காத்திருந்திருப்பார் என்பதை, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்க முடியும்.

பிறகு ஒன்றரை ஆண்டு அலைச்சல். பிரினே மலையடிவார நீரூற்றுகள், பியாரிட்ஸ் கடற்கரை, ஸ்பெயினில் பூர்கோஸ் நகர் என்று காற்று மாற்றத்திற்காகப் போனார்கள். புனித யாகப்பரின் திருத்தலமான கொம்போஸ்தெலா வரை போக ஆசை, உடல் விடவில்லை. 1853 ஜனவரியில் இத்தாலியின் பீசா நகருக்கு வந்து தங்கினார்கள். கால்கள் வீங்கின. பலம் குறைந்துகொண்டே வந்தது. சிறுநீரகம் கெட்டவனைப் பிழைக்க வைக்கும் இயந்திரம் மனிதர்களுக்குப் பயன்பட இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது. சிறுமி மரியையும் வைத்துக்கொண்டு, மொழி வேறான ஊர்களில் வீடு பார்த்து, மருத்துவர் தேடி, கணவர் தூங்காத இரவுகளில் தானும் தூங்காமல் ஆமேலி இருந்தார்.

அந்த நாட்களிலும் ஓசானாம் தினமும் காலையில் விவிலியத்தைத் திறந்து வாசிப்பார். நோயுற்றவருக்கு ஆறுதல் தரும் பகுதிகளைக் குறித்து வைப்பார். அவர் இறந்தபின் அப்பகுதிகளின் தொகுப்பு நோயாளிகளுக்கான ஒரு நூலாகவே வெளிவந்தது.

1853 ஏப்ரல் 23. அவருக்கு 40 வயது நிறைவடைந்த நாள். அன்று பீசாவில் அவர் எழுதிய ஒரு பக்கம்தான் நாம் இங்கே நின்று பார்க்க வேண்டிய இடம். எசாயா நூலின் 38-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா அரசர் சாவின் வாயிலில் நின்று புலம்புகிற பகுதி உண்டு. அதிலிருந்து அவர் தொடங்குகிறார். தமக்கு இளம் மனைவி இருக்கிறாள், அன்பு மகள் இருக்கிறாள், நல்ல சகோதரர்கள், நண்பர்கள், பாதியில் நிற்கும் ஆராய்ச்சி எல்லாம் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக இறைவனிடம் சொல்கிறார். இவை எல்லாவற்றையும் விட்டு வர வேண்டுமா என்று கேட்கிறார். அதன்பின் பேரம் பேசுகிறார். ஆம், அருளாளரும் பேரம் பேசினார். புத்தகங்களில் பாதியை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன், புகழ் வேண்டாம், மீதி வாழ்நாளை ஏழைகளைச் சந்திப்பதிலும் பயிற்சித் தொழிலாளர்களுக்கும் போர்வீரர்களுக்கும் கற்பிப்பதிலும் செலவிடுகிறேன், மனைவியோடு முதுமையடையவும் மகளை வளர்த்து முடிக்கவும் மட்டும் விடமாட்டீரா என்று மன்றாடுகிறார்.

வேளாங்கண்ணிக்கு மொட்டை, அந்தோனியாருக்கு அசனம் என்று நேர்ந்துகொள்ளும் நம் மக்களைச் சில வேளை மறையுரைகளில் கடிந்திருக்கிறோம். சொர்போன் பேராசிரியரும் அதே இடத்தில் நின்றார் என்பதைப் படித்தபோது நமக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. நான் கொடுக்க வரும் பொருள்களை நீர் கேட்கவில்லை, என்னையே கேட்கிறீர் என்று எழுதி, இதோ வருகிறேன் என்று தம்மைக் கையளிக்கிறார். மீதி நாட்களைப் படுக்கையிலேயே கழிக்க வேண்டி வந்தாலும், வாழ்ந்து முடித்த நாட்களுக்காக நன்றி சொல்ல அவை போதாதே என்கிறார். அச்சம் தீர்ந்தபின் அவர் நன்றி சொன்னதாக அந்தப் பக்கத்தைப் படித்தால் தெரியவில்லை. அச்சமும் நன்றியும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. எசேக்கியாவுக்கு இறைவன் 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுத்தார். ஓசானாமுக்குக் கிடைத்தவை நான்கரை மாதங்கள்.

அதே நாளில் தம் இறுதி விருப்பத்தையும் எழுதினார். அதில் பெற்றோரை நினைக்கிறார், சபை நண்பர்களிடம் செபம் கேட்கிறார். ஆமேலிக்குத் தனியாக நன்றி சொல்கிறார்: வாழ்வின் மகிழ்ச்சியாக அவர் இருந்ததற்காகவும், நோய் கண்ட இந்த ஓராண்டாக அவர் செய்த பணிவிடைக்காகவும்.

கோடையில் லிவோர்னோ துறைமுகத்திற்கு அருகே கடற்கரையில் தங்கினார்கள். ஜூலையில் அந்திஞானோ என்ற சிற்றூருக்கு மாறினார்கள். 23-ஆம் தேதிப் பூக்களின் வழக்கம் அங்கேயும் நிற்கவில்லை. பூக்கடைக்குப் போக முடியாத நிலையில், கரையோரம் வளர்ந்திருந்த நறுமணச் செடியின் கிளை ஒன்றை ஆமேலிக்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா வந்தது. ஆலயத்திற்குப் போகவேண்டும் என்றார். வண்டி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றார். இதுவே தம் கடைசி நடையாக இருந்தால் அது ஆண்டவரின் இல்லத்திற்கு நடந்ததாக இருக்கட்டும் என்பது அவர் விருப்பம். ஆமேலியின் தோளில் சாய்ந்து மெல்ல நடந்து போனார். ஆலய முற்றத்தில் நின்ற ஊர்மக்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். அந்த ஊரின் முதிய பங்குத்தந்தையும் அப்போது சாகக் கிடந்தார். ஓசானாம் வந்திருக்கிறார் என்று கேட்டதும், அவருக்குத் தம் கையாலேயே நற்கருணை கொடுக்க வேண்டும் என்று எழுந்து, பிறர் தாங்கிப் பிடிக்கப் பீடத்திற்கு வந்தார். கணவனுக்கும் மனைவிக்கும் நற்கருணை வழங்கினார். அதன்பின் அவர் யாருக்கும் வழங்கவில்லை. குருக்களாகிய நமக்கு இந்த இடத்தைக் கடந்து போவது எளிதல்ல. நோயாளியிடம் நன்றியைப் பற்றிப் பேச ஒருவருக்கு உரிமை இருந்தது என்றால், அந்தக் கிழவருக்கு இருந்தது. அவரோ ஒன்றும் பேசாமல் நற்கருணையைக் கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். பிரான்சு மண்ணில் இறக்க வேண்டும் என்ற ஆசையால் கப்பலேற முடிவாயிற்று. 31-ஆம் தேதி அந்திஞானோ வீட்டை விட்டுப் புறப்படும்போது ஓசானாம் சற்று நின்றார். தொப்பியைக் கழற்றினார். கைகளை உயர்த்தி, இந்த வீட்டில் தாம் பட்ட துன்பங்களுக்காக இறைவனுக்கு நன்றி சொல்லி, தம் பாவங்களுக்குப் பரிகாரமாக அவற்றை ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, என் துன்பங்களுக்காக நீயும் என்னோடு சேர்ந்து இறைவனைப் போற்று என்று கேட்டுக்கொண்டார். உடனே அவரை அணைத்துக்கொண்டு, எனக்குத் தந்த ஆறுதல்களுக்காகவும் அவரைப் போற்றுகிறேன் என்றார். ஆறுதல்கள் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அன்பார்ந்தவர்களே, சீவலப்பேரி வாசலில் அந்த அம்மா கேட்ட கேள்வி இந்த வாசலில்தான் நமக்குக் கொஞ்சம் விளங்கிற்று. கணவன் படுகிற துன்பத்திற்காக மனைவி நன்றி சொல்ல வேண்டும் என்று இங்கே எந்தக் குருவும் போதிக்கவில்லை. அல்போன்ஸ் சாமியார் உடன்பிறந்த அண்ணன், அவர்கூடச் சொல்லவில்லை. துன்பப்படுகிறவரே முதலில் சொன்னார், அதன்பின் தம்மோடு சேர்ந்து சொல்லும்படி துணைவியை அழைத்தார். அவர் அழைக்காமல் ஆமேலி தானாகச் சொல்லியிருந்தால் அது அந்த அம்மா அஞ்சியதுபோல் துரோகமாகத் தோன்றியிருக்கலாம். அவர் அழைத்தபின், அது இருவரும் சேர்ந்து செய்த செபம். வெளியிலிருந்து வருகிற நாம் அவர்களுக்கு அதைக் கட்டளையாகச் சொன்னது தவறு. வின்சென்ட் சபையின் உறுப்பினர்களிடம் இதை ஒத்துக்கொண்டோம். அவர்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்கு நம்மைவிட அதிகமாகப் போகிறவர்கள் அவர்கள். அந்த வாரமே, டயாலிசிஸ் நாட்களில் ஒன்றில் உறுப்பினர் ஒருவர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தார்கள். அந்த அம்மா அன்று வாழைத்தோட்ட வேலைக்குப் போகலாம். விருப்பமிருந்தால் வீட்டில் தூங்கவும் செய்யலாம்.

கப்பல் செப்டம்பர் 2 அன்று மார்செய் துறைமுகம் சேர்ந்தது. ஆமேலியின் தாயும் உறவினர்களும் அங்கே காத்திருந்தார்கள். மனைவியை அவளுடைய தாயின் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதி ஓசானாமின் முகத்தில் தெரிந்தது. அதற்கு மேல் பயணம் செய்ய முடியவில்லை. இறுதி அருட்சாதனங்களைப் பெற்றார். அஞ்சாமல் இறைவனை நம்பும்படி குரு சொன்னபோது, தாம் இவ்வளவு அன்பு செய்கிறவரிடம் எதற்காக அஞ்ச வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். வாழ்நாள் முழுவதும் கவலைப்பட்டே வாழ்ந்த மனிதரின் பதில் அது. செப்டம்பர் 8, நாம் வேளாங்கண்ணியில் கொண்டாடுகிற அதே அன்னையின் பிறந்தநாள் விழாவன்று மாலை, இறைவனின் இரக்கத்தை உரக்க வேண்டியபடி உயிர்விட்டார். உடல் பாரிசில் கார்மேல் ஆலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது. 1997 ஆகஸ்ட் 22 அன்று, உலக இளையோர் நாளுக்காகப் பாரிஸ் வந்திருந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், நோத்ரு தாம் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார். அவருடைய நினைவுநாளைத் திருச்சபை செப்டம்பர் 9 அன்று கொண்டாடுகிறது.

ஆமேலி மறுமணம் செய்யவில்லை. எட்டு வயது மரியை வளர்த்து ஆளாக்கினார். கணவர் எழுதியவற்றையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தி, நண்பர்களின் துணையோடு நூல்களாக வெளிவரச் செய்தார். அவருடைய வாழ்வைப் பற்றிய குறிப்புகளைத் தாமே எழுதி வைத்தார். அவர் நாளைக்கு நாள் பலமிழந்து போனதை நேரில் பார்த்தவர், அதைத் திரும்ப நினைத்து எழுதுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. 41 ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து 1894-இல் இறந்தார். அவருக்கு அருளாளர் பட்டம் இல்லை. சபைக் கூட்டங்களில் படமும் இல்லை. ஓசானாமின் கடைசி மாதங்களைப் பற்றி நாம் பேச முடிகிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணை கொடுத்தபின், அறிவுரை எதுவும் சொல்லாமல், போன முறை நாம் அவசரப்பட்டுப் பேசிவிட்டோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னோம். பிறகு இந்தக் கதையைச் சொன்னோம். கதவில் சாய்ந்து நின்று கேட்டார். கப்பலில் வரும்போது அந்தப் பெண்ணுக்குத் துணைக்கு ஆள் இருந்ததா என்று கேட்டார். கணவரின் சகோதரர்கள் இருந்தார்கள் என்றோம். மகளுக்கு என்ன வயது என்றார். எட்டு என்றோம். தம் மகள் எட்டாம் வகுப்பு என்றார், அவ்வளவுதான்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நம்மைக் கூப்பிட்டார். இவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஆஸ்பத்திரி நாட்களில் எப்போதும் இப்படித்தான், நான் சொன்னால் கேட்பதில்லை, சாமி நீங்கள் சொல்லுங்கள் என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து நாம் பார்த்தது அதுதான் முதல் முறை. கணவர் தண்ணீர் கேட்டார். அன்றைய கணக்கில் இன்னும் அரை டம்ளர் மீதி இருக்கிறது என்று சொல்லி, அளந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.